செங்கமலத்தின் தூக்குச்சட்டி

டெலிபோன் மணி அடித்தது.

சுரங்கத்து மேல்கரையில் ஷிப்ட் ஆபீஸ். உள்ளே போர்மேன் பழனிவேல் ஒருவன்தான் இருந்தான். எடுத்தான்.

"யாருங்க?"

"யாரா இருந்தா ஒனக்கென்ன? நீ இங்க வெந்துகினு கெட. ஒன் பொண்டாட்டி கை சமையல எவன் ருசிச்சிகினு இருக்கான்னு தெரியுமா? ஜெயராமன் பொட்டியத் தொறந்து பாரு."

"டேய்... யார்ரா நீ?"

டொக்.

அரை பர்லாங் தள்ளி, பம்ப் ஹவுஸில், வாயில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தான் கொளஞ்சிநாதன். சிரித்துக்கொண்டான்.

மடையன். இவனையெல்லாம் போர்மேன் ஆக்கியிருக்கிறார்கள்!

கொளஞ்சியின் கணக்கில் உலகமே மடையர்களின் கூடாரம். முதல் மடையன் பழனிவேல். மண் வெட்டும் ராட்சத மெஷினை ஓட்ட ஆள் கேட்டபோது, வருஷக்கணக்காகக் கூடவே கிடந்த கொளஞ்சியை விட்டுவிட்டு, நேற்று திருநெல்வேலியிலிருந்து வந்தவனைப் பெர்மனென்ட் ஆக்கியவன். அந்த ஜெயராமன் இரண்டாவது. பெட்டிக்குப் பூட்டுப் போடக்கூடத் தெரியாத ஜென்மம்.

மூன்றாவது, தன் சொந்தப் பெண்டாட்டி பெரியநாயகி. உப்புப் போடத் தெரியாதவள். ஆனாலும் ஒரு உபயோகம் இருந்தது. முந்தாநாள் அவளை ஏவினான்.

"பக்கத்துக் குவார்ட்டர்ஸ்ல செங்கமலத்துகிட்ட அந்தப் பித்தளத் தூக்குச்சட்டிய எரவல் வாங்கியா."

"எதுக்குங்க?"

"வாங்கியான்னா வாங்கியா. யோசிக்கறதுக்கு ஒனக்கு மூள வேற இருக்குதா?"

வாங்கி வந்தாள். சட்டியின் வயிற்றில் 'வைத்திலிங்கம் மகள் செங்கமலம்' என்று பெயர் வெட்டியிருந்தது. பழனிவேலின் மனைவிக்கு அப்பன் போட்ட சீர்.

இன்று காலை, "போற வழியில நானே குடுத்துர்றேன்" என்று கையை நீட்டினான். ஏதோ சொல்லிக்கொண்டே பெரியநாயகி கொடுத்தாள். என்ன சொன்னாள்? அவள் சொல்வதையெல்லாம் எவன் காதில் வாங்குவான்? செங்கமலத்தின் வாசலைத் தாண்டி நடந்து, நேராக ஓய்வுக் கொட்டகையில் இருந்த ஜெயராமனின் பெட்டிக்குள் வைத்துவிட்டான். கனமாக இருந்தது. பழைய பித்தளை... கனக்காதா?

மத்தியானச் சாப்பாட்டில் விதை தூவியாயிற்று.

"அண்ணே, என் வூட்டுப் பலாக்கொட்ட கொழம்ப நக்கிப் பாருங்க. கடலூர் கடலே இதுலதான் கெடக்குது."

பழனிவேல் விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். முகம் கோணியது. சிரித்தான்.

"பாவம்டா. தங்கச்சிய இப்பிடித் திட்டாத."

"ஒங்களுக்கு என்னண்ணே, அண்ணி சமையல் அமிர்தம். ஜெயராமனே புகழ்ந்துகினு இருக்கான்."

"அவன் எப்படா என் வூட்ல சாப்ட்டான்?"

"அய்யய்யோ... நான் ஒண்ணும் சொல்லலண்ணே. என்ன விட்ருங்க."

அதற்குப் பிறகு பழனிவேல் தொண்டையில் சோறு இறங்கவில்லை. கொளஞ்சிக்கு நன்றாக இறங்கியது.

இப்போது, போனை வைத்துவிட்டுக் கொளஞ்சி ஓய்வுக் கொட்டகைக்கு ஓடி வந்தபோது, பழனிவேல் கையில் கடப்பாரையோடு நின்றான். சுவரோரம் ஜெயராமன்.

"என்ன அண்ணாச்சி? என்ன விசயம்?"

பழனிவேல் பெட்டி மூடியை எட்டி உதைத்தான். உள்ளே... வைத்திலிங்கம் மகள் செங்கமலம்.

"இது எப்பிடிடா இங்க வந்துது?"

"சத்தியமாத் தெரியாது அண்ணாச்சி. நான் இதைப் பாத்ததே இல்ல."

"வேணாண்ணே..." கொளஞ்சி பழனிவேலின் கையைப் பிடித்தான். உதறினால் விட்டுவிடும் பிடி. "சின்னப் பையன்ணே. அண்ணி மேலயும் தப்பு இருக்குமில்ல?"

போதும். கடப்பாரை உயர்ந்தது.

ஒரே அடி. ஜெயராமனுக்குச் சுடுகாடு, பழனிவேலுக்கு ஜெயில், கொளஞ்சிக்கு மெஷின்... எத்தனை சுலபம்!

ஜெயராமன் பதறிப்போய் தூக்குச்சட்டியையே எடுத்துக் குறுக்கே நீட்டினான்.

டணார்!

மூடி பறந்தது. குழம்பு தெறித்தது. பலாக்கொட்டைகள் தரையில் உருண்டன.

பழனிவேல் முழங்கையில் வழிந்ததைப் பார்த்தான். மெதுவாக நாக்கில் வைத்தான்.

"கொளஞ்சி..."

"அண்ணே?"

"கடலூர் கடல்."



காலையில் பெரியநாயகி சொன்னது இப்போதுதான் கொளஞ்சியின் காதில் விழுந்தது. 'சூடா இருக்குதுங்க, சாச்சிடாதீங்க. எரவல் ஏனத்த வெறுமனே குடுக்கக் கூடாதில்ல?'

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவன் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. மூடியைத் திறந்து பார்க்கவும் தோன்றவில்லை.

"என் வூட்டுச் சட்டிக்குள்ள ஒன் வூட்டுக் கொழம்பு," என்றான் பழனிவேல். கடப்பாரை நழுவிக் கீழே விழுந்தது. "செங்கமலத்தப் போயி..."

கொளஞ்சி பாய்ந்து அதை எடுத்தான். தன் மெஷினைப் பறித்தவனாவது ஒழியட்டும் என்று ஜெயராமனின் தலையைக் குறிவைத்து வீசினான். தோளில் இறங்கியது. இரண்டாவது வீச்சுக்கு வாய்ப்பு இல்லை. சத்தம் கேட்டு ஓடி வந்த மடையர்கள் ஆறு பேர் மேலே விழுந்து அமுக்கினார்கள்.

சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷன். ஜெயராமன் தோளில் கட்டோடு வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்தான். கம்பிக்கு வெளியே பெரியநாயகி வந்து நின்றாள். பக்கத்தில் செங்கமலம், இடுப்பில் ஒடுக்கு விழுந்த தூக்குச்சட்டி.

"பாவி... ஒன் கொழம்பாலதான்டி கெட்டேன்," என்று பல்லைக் கடித்தான் கொளஞ்சி. "கடைசி வரைக்கும் ஒனக்கு உப்பு போடத் தெரியலியே."

பெரியநாயகி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"கவலய வுடுங்க. ஜெயில் களியில உப்பே போட மாட்டாங்களாம்."