பிள்ளைப்பெட்டி

நவாஸ் ஸ்கூட்டியை நிறுத்தியபோது காலைப் பனி இன்னும் விலகவில்லை. பண்டசோழநல்லூரைத் தாண்டி, கரும்புக்கு நடுவே பிரியும் மண்சாலையின் கடைசியில் அந்தப் பழைய வீடு நின்றது. சுவரில் மஞ்சள் சுண்ணாம்பு உரிந்து, ஓட்டின்மேல் பாசி ஏறிக் கிடந்தது. வாசலில் மட்டும் புத்தம்புதுக் காகித நட்சத்திரம் ஒன்று பொருத்தமே இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆசிபா மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கினாள். ஷைஸ்தா இன்னும் உட்காரப் பழகாத குழந்தை. புட்டிப்பாலைக் கண்டாலே ஊரைக் கூட்டிவிடுவாள். தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் அவள் தொண்டையில் இறங்காது. அதனால் ஆசிபா போகுமிடமெல்லாம் மகளும் போயாக வேண்டும்.

"கடைய சாத்தினு சாயங்காலம் வரேன். பாப்பாவ கண்டவங்க கையில குடுக்காத," என்றான் நவாஸ். அவனுக்கு வில்லியனூரில் துணிக்கடை. கிறிஸ்துமஸ் வியாபாரம் தலைக்குமேல் கிடந்தது.

ஆசிபாவை இங்கே இழுத்து வந்தது மண்வாசல் மரபுக் குழு. அதன் தலைவர் ஜெயசீலன் மின்துறையில் ஓய்வு பெற்றவர். வழியில் ஒரு பழைய செங்கல்லைப் பார்த்தாலும் வண்டியை நிறுத்தி வீடியோ எடுத்து, அதைக் காலை ஐந்து மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி எல்லோரையும் எழுப்பிவிடும் மனிதர். ஆனாலும் மனசு நல்ல மனசு. டிசம்பர் பிறந்தால் குழுவில் கல்வெட்டுப் பேச்செல்லாம் ஓய்ந்துவிடும். பிள்ளைகளுக்குக் குடில் அமைப்பது, கேக் கொடுப்பது, கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களுக்குப் போர்வையும் துணியும் சேகரிப்பது என்று இறங்கிவிடுவார்கள். துணிப் பொறுப்பு ஆசிபாவுக்கு.

இந்த வருஷம் அந்த வேலைக்காகவே இந்த வீட்டைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். பிரெஞ்சுக்காரன் காலத்தில் இது கன்னியாஸ்திரிகள் நடத்திய அநாதைக் குழந்தைகள் இல்லம். பிறகு நெல் கிடங்கு. அதற்குப் பிறகு யாருக்கும் வேண்டாத இடம்.

"இத பாத்தியாம்மா?" ஜெயசீலன் அவளைச் சாலையோரச் சுவருக்கு அழைத்துப் போனார்.

சுவருக்குள் ஒரு மரப்பெட்டி பதிந்திருந்தது. பீப்பாய் போல உருண்டை வடிவம். ஒரே பக்கம் திறப்பு. வெளியிலிருந்து எதையாவது உள்ளே வைத்துத் தள்ளினால் பெட்டி அப்படியே சுழன்று, திறப்பு வீட்டுக்குள்ளே போய்விடும். பக்கத்தில் ஒரு கயிறு. இழுத்தால் உள்ளே மணி அடிக்கும்.

"ஊர்ல இதுக்குப் புள்ளைப்பெட்டின்னு பேரு. வளக்க முடியாதவங்க புள்ளைய இதுல வெச்சி, சுத்தி வுட்டு, மணி அடிச்சிட்டுப் போயிடுவாங்க. உள்ள இருக்கறவங்களுக்குப் பெத்தவ முகம் தெரியாது. உள்ள போயிட்டா அப்புறம் அது இந்த வூட்டுப் புள்ளை. பெத்தவளே வந்து கேட்டாலும் குடுக்க மாட்டாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒருத்தி மறுநாளே முன்வாசல் வழியா வந்து, புள்ளைங்களுக்குப் பால் குடுக்கிற வேலையில சேந்துட்டாளாம். தன் புள்ளை எதுன்னு அவளுக்கு யாரும் சொல்லல. அதனால இருந்த புள்ளைங்க எல்லாத்துக்கும் குடுத்தாளாம், சாவுற வரைக்கும்."

ஆசிபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. குழந்தை பெற்றதிலிருந்து இப்படிப்பட்ட கதைகள் அவளுக்கு ஆகாது.

அந்தப் பெட்டிக்குத்தான் ஜெயசீலன் எண்ணெய் போட்டு மறுபடி சுழல வைத்திருந்தார். தானம் கொடுப்பவர் முகம் காட்ட வேண்டாம். சாலையில் நின்றபடியே துணியை வைத்து மணி அடித்துவிட்டுப் போகலாம். யோசனை நல்ல யோசனைதான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"தொறப்பு விழாவுக்கு ஒரு வீடியோ எடுத்துடலாம். பாப்பாவ ஒரே ஒரு நிமிஷம் உள்ள வெச்சா, அந்தக் காலத்த அப்படியே காட்டிடலாம். உள்ள நம்ம குழு ரோஸ்லின் நின்னு வாங்கிக்கும்."

ஆசிபா தயங்கினாள். சுற்றி நின்றவர்கள் எல்லாம் கைப்பேசியை உயர்த்தியாகிவிட்டது. அந்தப் பெயர் தெரியாத தாயை நினைத்தாளோ, மறுத்துப் பேச வெட்கப்பட்டாளோ, தெரியவில்லை. பிஸ்மில்லா சொல்லி, துண்டை விரித்து மகளைப் படுக்க வைத்தாள். ஜெயசீலன் மணி அடித்தார். அவள் தன் கையாலேயே பெட்டியைத் தள்ளினாள்.

அது சத்தமே இல்லாமல் சுழன்றது.

வாசல் வழியாகச் சுற்றி ஓடி உள்ளே போனாள். சுவரோரக் கல்மேடையில் ஷைஸ்தா படுத்திருந்தாள். துண்டு அவளைச் சுற்றி இறுக்கமாக, அழகாக மடித்துக் கட்டப்பட்டிருந்தது. கதவோரம் ரோஸ்லின் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்று மத்தியானம் ஷைஸ்தா பால் குடிக்கவில்லை.

பசியில்லை போலும் என்று ஆசிபா விட்டுவிட்டாள். மறுநாளும் அப்படியே. காலையில் வீட்டில் ஆவலாகக் குடிப்பவள், இங்கே வந்துவிட்டால் மாரில் வாயே வைப்பதில்லை. உத்தரத்தில் கட்டிய தூளியில் சத்தமில்லாமல் கிடந்தாள். அழவில்லை, இளைக்கவும் இல்லை. வயிறு நிறைந்த குழந்தைக்கு வரும் கிறக்கம் அவள் கண்ணில் இருந்தது. ஆசிபாவுக்குத்தான் பால் கட்டிக்கொண்டு மார் விண்விண்ணென்று வலித்தது.

துணி பிரித்துவிட்டு வந்து பார்த்தால் தூளி ஆடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். ஒருநாள் குழந்தையின் உதட்டோரம் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. ஆசிபா விரலால் தொட்டு முகர்ந்தாள். பால்தான். புட்டிமாவு வாசனை இல்லை. குழந்தையின் சட்டையில் ஈரச் சுண்ணாம்பும் விளக்கெண்ணெயும் கலந்த ஒரு வீச்சம் அடித்தது.

யாரோ தன் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறார்கள்.

யாராக இருக்கும் என்று யோசிக்க அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை. ரோஸ்லினுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் ஆகியும் குழந்தை இல்லை. எந்த வேலைக்கு நடுவிலும் ரோஸ்லினின் கண் தூளியின் பக்கமே போகும். குடிலுக்கு வைக்கோல் பரப்பும்போதுகூட, பாலனைக் கிடத்தும் காலியான முன்னணையை வெகுநேரம் தடவிக்கொண்டிருப்பாள். பாலன் பிறக்கும் ராத்திரிவரை அதில் சொரூபம் வைக்கக்கூடாதாம். ஆசைக்கு ஒரு குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வது வேறு. தாய்க்குத் தெரியாமல் எதையோ புகட்டுவது வேறு. என்ன பால் அது? எங்கிருந்து கொண்டு வருகிறாள்?

ரோஸ்லின் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து ஆசிபா அவள் பையைத் துழாவினாள். புட்டி எதுவும் இல்லை. ஜெபமாலை, சாப்பாட்டு டப்பா, பாதி பின்னிய ஒரு ஜோடிக் குட்டிக் காலுறை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை. கள்ளி, எங்கோ ஒளித்து வைக்கிறாள் என்றுதான் அது இன்னும் வளர்ந்தது.

வராமல் இருந்துவிட வேண்டியதுதானே என்று நவாஸ் கேட்டான். மேடையில் மூட்டை மூட்டையாகத் துணி குவிந்து கிடக்கிறது, பண்டிகைக்குள் பிரித்துக் கொடுக்காவிட்டால் யாருக்கு என்ன பயன்? அதைத்தான் அவனிடம் சொன்னாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்ற பிடிவாதம் இருந்ததைச் சொல்லவில்லை.

பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம், குழு மொத்தமும் போர்வைகளை ஏற்றிக்கொண்டு நெட்டப்பாக்கம் பக்கம் வேனில் போயிருந்தது. வீட்டில் இருந்தது ஆசிபாவும் ரோஸ்லினும்தான். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. ஆசிபா பின்கட்டில் கடைசி மூட்டையைக் கட்டிவிட்டு நிமிர்ந்தாள். அப்போது அது கேட்டது.

குழந்தை குடிக்கும் சத்தம்.

சப்பி, விழுங்கி, மூச்சு வாங்கி, மறுபடி சப்பும் சத்தம். தாய்க்குத் தெரியாத சத்தமா அது?

மாட்டினாள் என்று ஓடினாள். கூடத்துக்குத் திரும்பும் இடத்தில் எதிரே வந்த ரோஸ்லின்மேல் மோதிக்கொண்டாள். அவள் கையில் துடைப்பம். அவள் வந்தது வாசல் பக்கத்திலிருந்து.

"என் புள்ளைக்கு இன்னாக்கா குடுக்கற நீ? தினமும் இன்னா குடுக்கற?"

"நானா? நான் இன்னாடி குடுக்கப்போறேன்?"

"பொய் சொல்லாத. மொத நாள்லேர்ந்தே உன் கண்ணு அவ மேலதான். பெட்டியில வந்தவள நீதான வாங்கின? நீதான துண்டு சுத்திப் படுக்க வெச்ச?"

ரோஸ்லின் முகம் வெளிறியது.

"நான் வாங்கலடி," என்றாள் மெதுவாக. "போன் வந்துச்சுன்னு வெளிய நின்னுக்கினு இருந்தேன். மணி சத்தம் கேட்டு ஓடியாந்தா, பாப்பா ஏற்கனவே மேடையில இருந்துச்சு. குழுவுல வேற யாரோ எடுத்துப் படுக்க வெச்சிட்டாங்கன்னு நெனச்சேன்."

கூடத்தில் அந்தச் சத்தம் இன்னும் நிற்கவில்லை.

ஆசிபாதான் முதலில் எட்டிப் பார்த்தாள். தூளியின் ஒரு பக்கம், யாரோ கையால் விலக்கிப் பிடித்தது போல விரிந்திருந்தது. உள்ளே ஷைஸ்தாவின் தலை சற்றே உயர்ந்திருந்தது. தூளித் துணியில் அல்ல, அதற்கும் மேலே, எதன்மீதோ சாய்ந்திருந்தது. கன்னங்கள் அசைந்தன.

விளக்கெண்ணெய் வாசனை குப்பென்று அடித்தது.

"சேசுவே," என்றாள் ரோஸ்லின்.

ஆசிபா பாய்ந்து மகளை அள்ளினாள். ஒரு கணம் குழந்தை வரவில்லை. மறுபக்கம் யாரோ விட மனமில்லாமல் பிடித்திருப்பது போல் இருந்தது. பிறகு வந்துவிட்டது. வாயில் பால் வழிய, பால்குடி கலைந்த கோபத்தில் தாயைப் பார்த்துச் சிணுங்கியது. அந்தச் சிணுங்கலைப்போல ஆசிபாவின் மனதை எதுவும் அறுத்ததில்லை.

"வாசல் வழியா தெனமும்தான் இட்டுகினு போறேன், மறுநாள் மறுபடி இதேதான். பெட்டி வழியா வந்த புள்ளைய பெட்டி வழியாத்தான் வாங்கணும்க்கா. நான் வெளிய நிக்கறேன். நீ உள்ளேர்ந்து சுத்தி வுடு," என்று ஆசிபா மகளை ரோஸ்லின் கையில் கொடுத்தாள்.

மாட்டேன் என்று ரோஸ்லின் சொல்லவில்லை. தன்னைத் திருடி என்று நினைத்தவளுக்காக அந்த இருட்டுக் கூடத்தில் தனியாக நின்றாள். அதை ஆசிபா எந்நாளும் மறக்கமாட்டாள்.

ஆசிபா சாலைக்கு ஓடி வந்து சுவருக்கு எதிரில் நின்றாள். முன்பு எத்தனை தாய்மார்கள் இதே இடத்தில் நின்றிருப்பார்களோ! பெட்டி அசைந்தது. கொஞ்சம் சுழன்று, பாதியில் நின்றுவிட்டது.

"அக்கா?"

உள்ளே ரோஸ்லின் மூச்சைப் பிடித்துத் தள்ளுவது மட்டும் கேட்டது.

மரம் முனகியது. திறப்பு மெல்ல மெல்ல வெளியே வந்தது. உள்ளே ஷைஸ்தா கண்ணைத் திறந்து படுத்திருந்தாள். ஆசிபா அவளைப் பறித்தெடுத்தாள். வெளிக்காற்று பட்டதும் குழந்தை வீறிட்டு அழுதது. ஆசிபா சுவரோரம் மண்ணிலேயே உட்கார்ந்து மார் கொடுத்தாள். ஷைஸ்தா கவ்விக் குடித்தாள். காலையிலிருந்து கட்டிக் கிடந்த பால் இறங்கியது. ஆசிபா வாய்விட்டு அழுதாள். உள்ளிருந்து ஓடி வந்த ரோஸ்லினின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். நவாஸ் வந்து பார்த்தபோது இரண்டு பெண்களும் மண்ணில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள்.

கிறிஸ்துமஸ் காலை, பூசை முடிந்த கையோடு ரோஸ்லின் கேக் எடுத்துக்கொண்டு வில்லியனூர் வீட்டுக்கு வந்தாள். பின்னி முடித்த காலுறைகளையும் கொண்டு வந்திருந்தாள். ஷைஸ்தாவுக்குப் போட்டுப் பார்த்துச் சிரித்தாள். டீ குடித்தாள். கிளம்பும்போது ஆசிபாவைத் தனியாக வாசலுக்கு அழைத்தாள்.

"சொல்லலாமா வேணாமான்னு ராத்திரி முழுக்கத் தூங்கல." குரல் கிசுகிசுப்பாக வந்தது. "பாப்பாவ வெச்சப்ப பெட்டி இலேசாத்தான் சுத்துச்சு. பாதியில, யாரோ கூட ஏறிக்கின மாதிரி கனத்துப்போச்சு. ஒரு பெரிய மனுஷி கனம், ஆசிபா. நீ பாப்பாவ எடுத்தப்பவும் அது குறையல. கொஞ்ச நேரம் கழிச்சிதான் மறுபடி இலேசாச்சு."

ஆசிபா அவளை அனுப்பிவிட்டு உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள். பால் கொடுக்கும் நேரம். மகளை மடியில் போட்டு மாரோடு அணைத்தாள்.

ஷைஸ்தா வாய் வைக்கவில்லை.

"குடிடா கண்ணு. அம்மாதான்."

குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. கட்டிலுக்கு அந்தப் பக்கம், ஆளில்லாத மூலையைப் பார்த்தது. அங்கே யாரோ குனிவது போல அதன் பார்வை மேலிருந்து மெல்லக் கீழே இறங்கி, தன் முகத்துக்கு மிக அருகில் வந்து நின்றது.

மூடிய அறைக்குள் விளக்கெண்ணெய் வாசனை பரவியது.

ஆசிபாவின் மாரிலிருந்து பால் தானாக வழிந்து முந்தானையை நனைத்தது. அவள் மடியில், ஷைஸ்தா வாயைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக விழுங்கத் தொடங்கினாள்.