தமருவாவின் சிவப்பு அட்டை

நாற்றம் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று நூரோவாவுக்குத் தெரியவில்லை. காகித ஆலையின் கழிவுச் சேற்றில் அமிலம் விட்டுச் சுண்ணாம்பைக் கரைத்து, நொதிக்கப் போடும் முன் ஆவியில் வேகவைக்கும் இந்தக் கொட்டகையில் பதினோரு வருஷமாக அழுகிய முட்டை வாடைதான் காற்று. துணியில், தலைமுடியில், மதியச் சாப்பாட்டில்கூட அதுதான். இன்று வெளியே பைன் மரங்கள் மேல் மழை பெய்துகொண்டிருக்க, உள்ளே எந்த வாடையும் இல்லை. "நாறினா தின்னு, நாறலைன்னா ஓடு" என்பது ஆலைப் பேச்சு. அந்த வாடையைத் தரும் விஷவாயு மிஞ்சினால் முதலில் சாவது மூக்கு.

எப்படி ஓடுவாள்? புருஷன் மேலே, வேகவைக்கும் கொப்பரைக்குள் இருந்தான்.

"ஏ கெழவி, என் தாரோக் கிழங்குல கைய வெச்சே, பாத்துக்க!" என்று சொல்லிவிட்டுத்தான் கொப்பரைச் சுவரில் ஒட்டிய பொருக்கைச் சுரண்டப் போயிருந்தான் தமருவா. போகுமுன் அவள் அறையிலிருந்த ஆவிக் கைப்பிடியில் தன் பெயரெழுதிய சிவப்பு அட்டையை மாட்டினான். அட்டை தொங்கும்வரை ஆவியைத் திறக்கக் கூடாது; மாட்டியவன் கைதான் கழற்ற வேண்டும். பெண்டாட்டியானாலும் தொடக் கூடாது.

அவள் சட்டையில் மாட்டியிருந்த வாயுமானி பூஜ்யம் காட்டியது. சளி பிடித்திருக்கும் என்று மனதைத் தேற்றினாள். ஆனாலும் வாக்கி-டாக்கியை எடுத்தாள்.

"யோவ், மேல நாத்தம் இருக்கா?"

கரகரப்பு. பிறகு அவன் குரல்.

"நான் வெளிய வந்துட்டேன், நூரோவா. மூடியும் போட்டாச்சு."

மூடிக்கான பச்சை விளக்கு எரிந்தது. அப்பாடா! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அப்ப வந்து அட்டையக் கழட்டு."

"முட்டி வலிக்குது. நீயே எடுத்துடு."

முட்டி வலி உண்டுதான். முப்பத்தெட்டுப் படி, பாவம் மனுஷன். கழற்றினாள். கைப்பிடியைத் திருப்பினாள். குழாய்கள் முனக, ஆவி மேலே ஏறியது.

அப்புறம்தான் உறைத்தது. நூரோவா என்றா கூப்பிட்டான்? கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட...

திரும்பினாள். அலமாரியில் அவனுடைய கிழங்கு டப்பா. பக்கத்தில் அவனுடைய வாக்கி-டாக்கி. எடுத்துப் போக மறந்திருந்தான். அது அணைந்து கிடந்தது.

கைப்பிடியை மூடப் பார்த்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும். அசையவில்லை.

மேலே, இரும்பில் தட்டும் சத்தம். மூன்று தட்டு. மறுபடி மூன்று. வேகமாக.

அணைந்து கிடந்த கருவி கரகரத்தது.

"இன்னும் கொஞ்சம் திற, நூரோவா."

தட்டல் நின்றது.

அவளுக்கு மூக்கு திரும்பி வந்தது. முட்டை வாடை இல்லை. ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு, மண்ணுக்குள் பன்றி வெந்த உமு அடுப்புக் குழியைத் திறக்கும்போது வருமே, அந்த வாடை.