மணிக்கட்டை மறைத்த கோடுகள்

மூணாம் மலையில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவம் எரிந்து சாம்பலாகி எட்டு நாளாகிறது. தீ வைத்தது மருதாயிதான் என்று தோட்டத்து ஆபீஸுக்கு ஒரு மொட்டைக் கடிதம். கூடவே அரக்கு வைத்து ஒட்டிய உறையில் ஒரு டிஸ்க். இன்றைக்கு விசாரணை. குற்றம் உறுதியானால் மருதாயிக்கு வேலையும் போகும், பிறந்து வளர்ந்த லயத்துக் காம்பராவும் போகும்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் டிஸ்க் போட வழியே இல்லை. அதனால் பெல்மதுளை டவுனில் பழைய கல்யாணக் கசெட்டுகளை டிஸ்க்கில் ஏற்றிக் கொடுக்கும் ஹிமாயாவை அவளுடைய லெப்டொப்போடு வரச் சொல்லியிருந்தார்கள். வந்தவளை உட்காரச் சொல்ல அங்கே ஒரு நாதி இல்லை. அவளாகவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

காலை 9.40.

"என்னத்துக்கு வீம்பு? எழுதிக் குடுத்துட்டுப் போ. கையில கோடு கோடா விழுந்திருந்தா என்ன, மூஞ்சி நல்லாத் தெரியுதுல்ல?" என்று வாசலில் நின்று மருதாயியிடம் சீறினார் ஸ்ரீதரன். தொழிலாளர் சங்கத்துத் தலைவர், அவளுக்காகப் பேச வந்தவர்! பேசுகிற லட்சணத்தைப் பாருங்கள்.

"செய்யாததுக்கு எதுக்குங்க எழுதணும்? ஞாயித்துக்கிழமை சங்கத்துக்கு என்னையத் தலைவியாப் போடப் போறாங்கன்னு வயிறெரிஞ்ச எவனோ செஞ்ச வேலை இது" என்றாள் மருதாயி.

காலை 10.05.

பெரிய கிளாக்கர் ரொபர்ட், தோட்டத்தை நடத்தும் துரையின் முன்னால் உறையைத் தூக்கிக் காட்டினார். மருதாயியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அதை அவர் மறைத்ததும் இல்லை.

"கதவுக்குக் கீழ கெடந்துச்சு, சேர். அரக்கு அப்படியே இருக்கு. இன்னும் யாரும் பிரிக்கல."

அரக்கை உடைத்து எடுத்ததும் டிஸ்க் ஓடியது. அந்தி வெளிச்சம். மடுவத்தின் முன்னால் மருதாயி தீப்பந்தத்தை வீசுகிறாள். அவளுக்கு இரண்டு பக்கமும் ஒரே கறுப்பு. பின்னால் மடுவத்துச் சுவர் தெளிவாக இருந்தது. வீசுகிற கை மட்டும் கோடு கோடாகப் பிய்ந்திருந்தது.

"நெருப்பு வச்ச நேரத்துல போன்ல எடுத்ததாம், கடுதாசியில இருக்கு. இன்னும் என்ன வேணும்?" என்றார் ரொபர்ட். ஹிமாயாவிடம் திரும்பி, "ஒங்க வேலை முடிஞ்சுது. மூட்டையக் கட்டுங்க" என்றார்.

ஹிமாயாவுக்குச் சுருக்கென்றது. "இது போன்ல எடுத்த படமில்ல, சேர்" என்றாள் துரையைப் பார்த்து.

"அதைச் சொல்ல நீங்க யாரு?" என்று பாய்ந்தார் ரொபர்ட்.

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் அவரை அடக்கினார் துரை. "சொல்லட்டும்."

"போன் முழுப் படத்தையும் ஒரே அடியா எடுக்கும். டிவியில ஒரு வரி விட்டு ஒரு வரியாப் பாதிப் படம் முதல்ல வரும், மத்தப் பாதி பிறகு வரும். அதுக்குள்ள கை நகர்ந்துடும். ரெண்டு பாதியையும் சரிபண்ணாம டிஸ்க்ல ஏத்தினா, அசையிற சாமான் சீப்புப் பல்லு மாதிரி பிஞ்சிடும். தினமும் நான் மாரடிக்கிற சனியன் இது. யாரோ டிவியில ஓடினதைப் பிடிச்சு ஏத்தியிருக்காங்க."

"கதை அளக்காதீங்க!" என்றார் ஸ்ரீதரன்.

"அளந்தே காட்டுறேன், இருங்க."

காலை 10.30.

ஒற்றை வரிகளைத் தனியாகவும் இரட்டை வரிகளைத் தனியாகவும் பிரித்து மறுபடி ஓடவிட்டாள். பிய்ந்திருந்த கை முழுசாக வந்தது. மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் துண்டு.

முதலில் வாயைத் திறந்தவர் ரொபர்ட்தான். மாதா கோயிலுக்குப் போகிறவரானாலும் அந்தத் தோட்டத்திலேயே வளர்ந்தவர். "மாரியம்மன் காப்பு! அது சித்திரையில கட்டுறது. திருவிழா முடிஞ்சதும் அவுத்துடுவாங்களே. இப்ப கார்த்திகை!"

"திருவிழாவ டிவிக்காரங்க எடுத்தாங்க. மடுவத்துக்கிட்ட சாமி நின்னப்ப நான்தான் பந்தம் புடிச்சு வீசினேன்" என்றாள் மருதாயி.

"சுத்தி நின்ன சனத்தையெல்லாம் கறுப்பு அடிச்சு மறைச்சிருக்காங்க. கோடு காப்பை மறைச்சதால அந்தக் கோட்டைச் சரிபண்ணாம விட்டிருக்காங்க" என்றாள் ஹிமாயா.

"கிளாக்கர் வேலைதான் இது! உறை இவருகிட்டதானே இருந்துச்சு!" என்று கத்தினார் ஸ்ரீதரன்.

"அரக்கை ஒடைச்சது பத்து அஞ்சுக்கு. கையில கோடு கோடா விழுந்திருக்குன்னு நீங்க ஒன்பது நாப்பதுக்கே சொன்னீங்களே, தலைவரே! பிரிக்காத உறைக்குள்ள இருந்ததை எப்படிப் பாத்தீங்க?" என்றாள் ஹிமாயா.

அவள் துரையின் பக்கம் திரும்பினாள்.

"படம் செஞ்சவர் இவர்தான், சேர். மடுவம் எரிஞ்ச கதையையும் பொலிஸ் இவர்கிட்டயே கேக்கட்டும்."

துரை போனை எடுத்தார். மருதாயி எழுந்து போய் ஸ்ரீதரனுக்கு நேராக நின்றாள். வலது கையை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.

"அன்னைக்குப் பூசாரி ஆஸ்பத்திரியில கெடந்தாரு. இந்தக் கையில காப்புக் கட்டிவிட்டதே நீங்கதானேங்க."