ஃபுவென்சாந்தாவுக்குக் குரல் கொடுத்தவள்

பணிப்பெண் கதவைத் திறந்துகொண்டு வந்தாள், வெள்ளித் தட்டை மேசையில் வைத்தாள், வாயைத் திறந்து ஏதோ சொன்னாள். சத்தம் மட்டும் வரவில்லை. தட்டு மேசையில் பட்ட ஓசை வந்தது. சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. ஜன்னலுக்கு வெளியே எங்கோ போன குதிரை வண்டியின் குளம்புச் சத்தம்கூடத் தெளிவாக இருந்தது. அவள் சொன்னதைத்தான் காணோம்.

லியோகாதியா பிரிஸ் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். படம் பழசு, பிரதியில் ஒலி கெட்டிருக்கும் என்று முதலில் நினைத்தாள். ஆனால் ஒலி கெட்டால் மொத்தமாகக் கெடும். கடிகாரத்தையும் குதிரையையும் விட்டுவிட்டு ஒருத்தியின் பேச்சை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போகாது. டப்பிங் தொழிலிலேயே தலை நரைத்தவளுக்கு இதைக்கூடவா தெரியாது? அதுவும் காணாமல் போனது அவளுடைய சொந்தக் குரல்.

திரையில் இருந்தவள் ஃபுவென்சாந்தா ஒர்காஹோ. பணிப்பெண், கன்னியாஸ்திரி, பக்கத்து வீட்டுக்காரி, சவத்துக்குப் பக்கத்தில் அழுகிறவள் என்று எதற்கும் கூப்பிடக்கூடிய துணை நடிகை. நீண்ட முகம், பெரிய கண்கள். ஆனால் பேச்சு தெற்கே முர்சியா பக்கத்துச் சுத்தப் பட்டிக்காடு. வார்த்தையின் வாலை விழுங்கிவிடுவாள். அந்தக் காலத்தில் படப்பிடிப்பில் ஒலியே பிடிக்கமாட்டார்கள், எல்லாம் பிறகு டப்பிங் அறையில்தான். முகம் போதும், வாய் வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் அவள் நடித்த படத்துக்கெல்லாம் மாட்ரிட்காரி லியோகாதியா இருட்டறையில் நின்று, அவள் உதட்டைப் பார்த்துப் பேசினாள். ஃபுவென்சாந்தா இந்த வசந்தத்தில் ஏதோ முதியோர் இல்லத்தில் செத்துப்போனாள். ஒரு சேனல் இரக்கப்பட்டு ஒரு வாரம் அவள் படங்களாகப் போடுகிறது. அதையும் ஆகஸ்டில், மாட்ரிடில் ஈ காக்கை இல்லாதபோது, எல்லோரும் தூங்கும் மதியத்தில் போடுகிறார்கள். துணை நடிகைக்கு அஞ்சலி என்றால் இவ்வளவுதான்.

பணிப்பெண் மறுபடி வாயைத் திறந்தாள். லியோகாதியாவுக்கு அந்த வரி மனப்பாடம். பழக்க தோஷம் யாரை விட்டது? தறியில் உட்கார்ந்தவன் கை ஓடுவதுபோல, அவள் நாக்கு தானாக ஓடியது.

"சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா, சென்யோரா?"

உதட்டோடு உதடாகப் பொருந்தியது. திரையில் எஜமானி திரும்பி, "வை" என்றாள்.

பக்கத்து அறையிலிருந்து கட்டிலின் கிறீச்சும், கூடவே ஒரு சிரிப்பும் வந்தன.

"லியோ, அது டிவியா, நீயா?"

"நான்தான் குமெர். வேற வேலை இல்லாம உளறிட்டிருக்கேன்."

"இன்னும் கொஞ்சம் உளறேன். கேட்க நல்லாத்தான் இருக்கு."

அவள் கணவன் குமெர்சிந்தோவுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன. சர்க்கரை நோய் தின்றுவிட்டது. அவன் வீட்டுக்குள் நடப்பதே அவள் குரலைப் பிடித்துக்கொண்டுதான். 'இடது பக்கம் நாற்காலி, மனுஷா, முட்டிக்காதே', 'நேரா வா, நான் இங்கதான் இருக்கேன்' என்று அவள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் கொடுக்காமல் யார் தொட்டாலும் மிரண்டுவிடுவான். குளிர்காலத்தில் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பேசாமல் கையைப் பிடிக்க, அவளை அடித்தே விட்டான். பிறகு லியோகாதியா வந்து காதருகே பேசினாள், பசுவாக அடங்கினான். அவள் குரல் இருக்கும்வரைதான் அவனுக்கு உலகம் இருக்கிறது. அது அவளுக்குப் பாரம், கொஞ்சம் கர்வமும்கூட.

அன்று மாலை கஸ்பாச்சோ என்ற குளிர்ந்த தக்காளி சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே அவனைக் கூப்பிட்டபோது தொண்டை லேசாகக் கட்டியிருந்தது. மதியமும் குளிர்ந்ததைக் குடித்ததால் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் மதியம் தெருவில் ஒரு செருப்புச் சத்தம்கூட இல்லை. ஷட்டர்களைத் தரைவரை இறக்கிவிட்டிருந்தாள். அவற்றின் பட்டைகளின் இடுக்கு வழியாக வெயில் ஊசிகளாக உள்ளே வந்து தரையில் விழுந்தது. அடுக்ககத்தின் நடு முற்றத்தில் துணி கட்டும் கயிறுகள் எல்லாம் வெறுமையாகத் தொங்கின. மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு எல்லாமே கடற்கரைக்குப் போயிருந்தன. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகியது. திரையில் ஃபுவென்சாந்தா, மடத்து மருத்துவமனையில் ஒரு கன்னியாஸ்திரியாக, சாகக்கிடந்த சிப்பாயின் பக்கத்தில் உட்கார்ந்து வாயசைத்தாள். ஒலி இல்லை.

லியோகாதியா எழுந்து நின்றாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்கு ஆசையாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அவளைப் பேசச் சொல்லி யார் கேட்டார்கள்? கைகளைக் கோத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் மைக் முன்னால் நின்றதுபோல நின்று, காட்சி முழுவதையும் பேசினாள். சிப்பாய்க்காகக் கெஞ்சினாள், ஜெபித்தாள், கடைசியில் விம்மி அழுதாள். ஃபுவென்சாந்தாவின் உதடு எங்கே நிற்கிறதோ அங்கே அவளும் நின்றாள். குமெர்சிந்தோ கட்டிலிலிருந்தே கைதட்டினான்.

அவள் நன்றி சொல்ல வாயெடுத்தாள். காற்றுதான் வந்தது.

மருந்துக்கடையில் இருந்த பெண்ணுக்கு எதையும் வேடிக்கையாகப் பேசித்தான் பழக்கம். "தோன்யா லியோகாதியா, டாக்டர் எல்லாம் இப்ப கடல்ல மிதக்கறாங்க. தேனைக் குடிச்சிட்டு வாயை மூடிக்கிட்டு இருங்க. உங்க வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் நிம்மதி" என்று மாத்திரையை நீட்டினாள். லியோகாதியா சிரித்தாள். அந்தச் சிரிப்பிலும் சத்தம் இல்லாததைக் கண்டு அந்தப் பெண்ணின் முகம் கொஞ்சம் மாறியது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், எப்போதோ திரையரங்குகள் நிறைந்த கிரான் வியா தெருவில் ஒரு படத்தின் முதல் காட்சி முடிந்ததும் நடந்த ஒன்று அவள் நினைவுக்கு வந்தது. மதுக்கடையில் ஃபுவென்சாந்தா தானாக வந்து எதிரே உட்கார்ந்தாள். அவர்கள் நேரில் சந்தித்தது அந்த ஒரு தடவைதான்.

"நீதானா அது? பேசு புள்ள, ஏதாச்சும் பேசு" என்றாள்.

லியோகாதியா எதையோ பேச, அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா ஊருல கொட்டகையில என் படத்தப் பாத்துட்டு, இது எம் மவ இல்லன்னு எந்திரிச்சுப் போயிருச்சு. சாகுற வரைக்கும் ஒத்துக்கல. நீ எங்க போனாலும் உங்குரலோட போவ. நா எதோட போறது?"

அது நகைச்சுவை என்று நினைத்து லியோகாதியா அப்போது கலகலவென்று சிரித்தாள். இன்று நடைபாதையில், அந்தக் கொதிக்கும் வெயிலில், அவள் கையால் தொண்டையைப் பொத்திக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள்.

வீட்டில் பிரச்சினை தொடங்கிவிட்டது. அவள் கை பட்டதும் குமெர்சிந்தோ சுருண்டான். "யாரு? யாரு அது? பேசேன்!" அவள் அவன் உள்ளங்கையில் தன் கல்யாண மோதிரத்தை வைத்து அழுத்தினாள். தடவிப் பார்த்தான். அரை மனதாக அடங்கினான். அன்று ராத்திரி அவள் ஊட்டிய முலாம்பழத்தை ஒவ்வொரு துண்டாக முகர்ந்துவிட்டே தின்றான். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவன் தன்னை அந்நியளாக முகர்ந்து பார்ப்பதை அவளால் தாங்க முடியவில்லை. அழுதாள். அழுவதும் அவனுக்குக் கேட்கவில்லை.

மறுநாள் காலை, அலிகாந்தே கடற்கரையில் பிள்ளைகளோடு இருந்த மகள் பெலெனுக்குக் கைபேசியில் செய்தி அனுப்பினாள். தொண்டை போய்விட்டது, அப்பா பயப்படுகிறார், உடனே வா.

பதில் சீக்கிரமே வந்தது. "என்னம்மா குழப்பறே? இப்பத்தானே போன்ல பேசினே. நல்லாத்தானே பேசினே. நாங்க ரெண்டு பேரும் சுகமா இருக்கோம், நீ வரவே வேண்டாம்னு சொன்னியே."

லியோகாதியா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அவள் யாரிடமும் பேசவில்லை. மறுபடி எழுதினாள்: அது நான் இல்லை, வா. அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது, ஆனால் யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. கடலில் குளித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த மூன்றாம் நாள் மதியம் அவள் டிவியைத் தொடவில்லை. மின்செருகியைப் பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று யோசித்தாள். ஒரு பெட்டிக்குப் பயந்து சாவதா என்று வெட்கமாகவும் இருந்தது. சமையலறையில் உட்கார்ந்து தேன் கலந்த வெந்நீரை மிடறு மிடறாக விழுங்கினாள். முற்றத்தில் ஒரு புறா கூடக் கத்தவில்லை. குழாயிலிருந்து சொட்டும் நீரின் ஓசை, மின்விசிறியின் முனகல், தன் மூச்சு. அப்புறம் ஒரு வாசனை. கஞ்சி போட்டு, சூடாக இஸ்திரி போட்ட துணியின் வாசனை. அந்த வீட்டில் கஞ்சி போட்டுப் பல வருஷம் ஆகிறது.

பிறகு அவள் சிரிப்பு கேட்டது.

அவளுடைய சிரிப்பேதான். இளமையில் இருந்த அந்தக் கலகலப்பு. முன்னறையிலிருந்து வந்தது.

ஓடினாள். குமெர்சிந்தோ தானாகவே சுவரைத் தடவி வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தான். கையில் ரிமோட். முகம் மலர்ந்திருந்தது.

"எனக்கு உன் குரல் வேணும்டி, லியோ. நீதான் பேசமாட்டேங்கறே. அதான் போட்டேன். கேளு, எவ்வளவு அழகாப் பேசறே!"

திரையில் ஒரு பெரிய வீட்டின் சாப்பாட்டு அறை. எஜமானியும் விருந்தாளிகளும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். யாரும் அசையவில்லை. ஒருவன் கையில் தூக்கிய கோப்பை தூக்கியபடியே நின்றது. ஃபுவென்சாந்தா மட்டும் நடமாடிக்கொண்டிருந்தாள். கருப்பு உடை, வெள்ளை ஏப்ரன், கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைக் கைப்பட்டி. அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இந்தப் பக்கமாக, டிவியின் கண்ணாடியை நோக்கி நடந்து வந்தாள்.

"வெக்கையா இருக்கா குமெர்?" என்றாள், லியோகாதியாவின் குரலில்.

"கொஞ்சம்" என்றான் அவன்.

"ராத்திரி பூரா தூங்கலியே நீ."

"உன்னைக் காணோமே. யாரோ வந்து ஊட்டினா. பயந்துட்டேன்."

உதடும் குரலும் மயிரிழைகூட விலகவில்லை. இத்தனை கச்சிதமாக லியோகாதியாவே ஒருநாளும் பேசியதில்லை. அவள் ரிமோட்டைப் பறித்தாள். பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். திரை கருத்தது.

அமைதி.

மின்விசிறி. குழாய்.

"குமெர்" என்று கூப்பிட்டது குரல். நடைவழியின் இருட்டிலிருந்து.

அவன் எழுந்துவிட்டான். எத்தனை ஆசையாக எழுந்தான்! செருப்பைக்கூடத் தேடவில்லை.

"நேரா வா மனுஷா. இடது பக்கம் நாற்காலி. முட்டிக்காதே."

அவன் நாற்காலியை ஒதுங்கினான். லியோகாதியா குறுக்கே போய் இரண்டு கையாலும் அவன் தோளைப் பிடித்தாள். தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தினாள். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. ஒன்றும் வரவில்லை. ஒரு பூனை மூச்சுகூட வரவில்லை. அவன் கையை இழுத்துத் தன் முகத்தில் வைத்தாள். நெற்றி, கன்னம், காது. நான்தான். நான். தெரியவில்லையா?

"விடு! யாரு நீ?" அவன் வீறிட்டான். "லியோ! யாரோ என்னைப் பிடிக்கறாங்க! லியோ!"

அவன் முழங்கை அவள் நெஞ்சில் இடித்தது. தரையில் விழுந்தாள். இடுப்பில் ஏதோ முறிந்தது. தவழ்ந்து அவன் காலைப் பிடித்தாள். அவன் நடுங்கினான்.

"பயப்படாதே" என்றது குரல். இதமாக, பக்கத்தில். "யாருமில்லை. வேலைக்காரிதான். பாவம், ஊமை."

அவன் உடம்பு தளர்ந்தது. நீளமாக மூச்சு விட்டான்.

"முன்னாடியே சொல்லக்கூடாதா லியோ?" என்று சிரித்தான். பிறகு குனிந்து, தன் காலைப் பற்றியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக, மிகவும் மரியாதையாக விலக்கினான். "மன்னிச்சுக்கோம்மா. எனக்குக் கண்ணு தெரியாது. அடிச்சிட்டேனா?"

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவன் அதைப் பார்க்கவில்லை.

"வா குமெர்."

நடைவழியில் வெளிச்சம் இல்லை. கஞ்சி வாசனை. அவன் கையை முன்னால் நீட்டினான், எப்போதும் நீட்டுகிறபடி, நம்பி. இருட்டிலிருந்து இன்னொரு கை வந்தது. விறைத்த வெள்ளைக் கைப்பட்டி, அதற்குக் கீழே நீளமான, சாம்பல் நிற விரல்கள். அவை அவன் விரல்களுக்குள் நுழைந்து, மெதுவாக மூடிக்கொண்டன.

"கை சில்லுன்னு இருக்கே" என்றான் குமெர்சிந்தோ செல்லமாக. இன்னொரு கையால் அதைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டே உள்ளே நடந்தான்.