ஆவுடையின் சம்மதம்

காலையில் மெஸ்ஸில் தட்டை நீட்டிக்கொண்டு ஆவுடை சொன்னது இதுதான்: "உப்புமா வேண்டாண்ணே. நேத்து சாப்ட்டு வயிறு வலிச்சுது. தோசை குடுங்க."

மெஸ் மாஸ்டர் சங்கிலிக்கு முகமெல்லாம் பல். கரண்டி நிறைய உப்புமாவை அள்ளித் தட்டில் வைத்தார். போதாதென்று இன்னொரு கரண்டியும் வைத்தார். "இந்த ஹாஸ்டல்ல நம்ம உப்புமாவ மதிக்கது நீ ஒருத்திதாம்மா" என்றார்.

ஆவுடை தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டு வருடமாக இப்படித்தான். ஒன்று கேட்டால் சிரித்துக்கொண்டே இன்னொன்றைத் தருவார்கள். உலகத்தின் வழக்கமே அதுதான் போல என்று அவள் நினைத்திருந்தாள். இருபத்தொரு வயது அவளுக்கு. எதையும் மெதுவாகத்தான் விளங்கிக்கொள்வாள், விளங்கிக்கொண்டதை லேசில் விடமாட்டாள்.

தாமிரபரணிக் கரையிலிருந்த அந்தக் கல்லூரியில் இணைகல்வித் திட்டம் தொடங்கிப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. அறிவுசார் மாற்றுத்திறனாளி மாணவர்கள் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள், ஒரே ஹாஸ்டலில் தங்கினார்கள், ஒரே பட்டத்துக்குப் படித்தார்கள். தொடக்கத்தில் அவர்கள் பேசுவதைச் சிலர் பழித்துக் காட்டினார்கள். அது தாங்காமல் ஒரு பையன் படிப்பையே விட்டுவிட்டுப் போனான். அதன் பிறகுதான் நாவி வந்தது. திட்ட மாணவர்கள் கழுத்தில் அணியும் ஒரு மெல்லிய வளையம், அவ்வளவுதான்.

ஊரில் மற்ற எல்லார் காதிலும் ஏற்கெனவே செவிமணி இருந்தது. பாட்டு, செய்தி, பஸ் வரும் நேரம் எல்லாம் அதில்தான். நாவி அணிந்தவர் பேசினால், அவருடைய திக்கலும் குழறலும் கேட்பவர் காதில் விழாது. அதே குரலில், அதைத் திருத்தமான பேச்சாக்கிச் செவிமணி சொல்லும். சாஃப்ட்வேர்க்காரர்கள் இதற்கு 'நேர்த்தி' என்று பெயர் வைத்திருந்தார்கள். கூடவே கல்லூரியும் ஒரு விதி போட்டது. திட்ட மாணவர் பேசும்போது யாரும் செவிமணியைக் கழற்றக் கூடாது. வெறுங்காதால் கேட்பது அவமதிப்பு, கழற்றினால் டிஸ்மிஸ். நல்ல மனதோடு போட்ட விதிதான், அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த நல்லவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். ஒவ்வொரு வகுப்பின் பின்சுவரிலும் ஒரு பதிவுப்பலகை இருந்தது. வகுப்பில் யார் என்ன சொன்னார்கள் என்பது அதில் எழுத்தாக ஓடும். எல்லாம் வெளிப்படையாக இருக்கட்டும் என்று வைத்தது. யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆவுடைக்கு அதே கல்லூரிதான் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது. சொல்லிக்கொடுத்தவர்களே அவள் அதைப் படிப்பாள் என்று நினைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபின், அவள் பலகையில் தன் பெயரைக் கண்டுபிடித்தாள். விரலை வைத்துப் படித்தாள். முந்தின நாள் வகுப்பில் அவள் எழுந்து, "ஆத்துல மீனு செத்து மிதக்கு சார். தண்ணி நாறுது. எனக்குப் பயமாருக்கு" என்று சொல்லியிருந்தாள். ஆசிரியர் "அருமை" என்று கைதட்டினார். மீன் செத்ததற்கு எதற்குக் கைதட்டுகிறார் என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது. பலகையில் இப்படி இருந்தது: 'ஆவுடை: நதிநீர்ப் பாதுகாப்பு குறித்த இன்றைய பாடம் எனக்கு மிகுந்த ஊக்கம் அளிக்கிறது. நன்றி ஐயா.'

வேறு ஆவுடையோ என்று நினைத்தாள். வகுப்பில் வேறு ஆவுடை கிடையாது. நான்கு தடவை படித்தாள். பிறகு மேலே மேலே தள்ளிப் போனவாரம் வரைக்கும் படித்தாள். எல்லா வரியிலும் அவள் யாருக்காவது நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். திட்டத் தலைவி வடிவாம்பாள் மேடம் வகுப்புக்கு வந்த நாளின் பதிவைத் தேடிப் பிடித்தாள். அன்று அவள் சொன்னது நன்றாக நினைவிருந்தது: "கழுத்துல வைக்காதீங்க மேடம். எனக்கு வேண்டாம்." பலகையில் இருந்தது வேறு: 'உள்நாவி பொருத்திக்கொள்ள ஆவலாக இருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்கிறேன்.'

அவள் பலகையிலிருந்து விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

உள்நாவி என்பது கழுத்துக்கு வெளியே போடுவதல்ல, தொண்டைக்குள் வைத்துத் தைப்பது. பொருத்திவிட்டால் நாக்கையும் உதட்டையும் அதுவே அசைக்கும். நேர்த்தியான பேச்சு நேராக வாயிலிருந்தே வரும், கேட்பவருக்குச் செவிமணியே தேவைப்படாது. திட்டத்தின் பெருமை அது. ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. சொந்தச் சொல் விதி என்பார்கள். மாணவர் தன் வாயாலேயே சம்மதம் சொல்ல வேண்டும், சொல்லாமல் யாருக்கும் பொருத்தக் கூடாது. வெள்ளிக்கிழமை ஆவுடையைக் கேட்கப் போகிறார்கள். அவள் என்ன சொன்னாலும் அவர்கள் காதில் என்ன விழும் என்பது இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஓடிப்போய் ஜெபசீலியை இழுத்துக்கொண்டு வந்தாள். ஜெபசீலி அவளுடைய உடன்மாணவி. இரண்டு வருடமாக ஒரே அறை, ஒரே பெஞ்சு. ஆவுடை வராமல் தட்டில் கை வைக்க மாட்டாள், அப்படி ஒரு நல்ல பெண். ஆவுடை பலகையில் விரலை ஊன்றி, "நான் இதச் சொல்லல ஜெபா. இது நான் இல்ல" என்றாள்.

ஜெபசீலி படித்தாள். முகம் மலர்ந்தது. "நல்லாத்தாம்ட்டி சொல்லிருக்க. எனக்கே இப்படிப் பேச வராது."

இனி யோசிக்க ஒன்றுமில்லை. ஆவுடை இரண்டு கையாலும் ஜெபசீலியின் இரண்டு காதிலிருந்தும் செவிமணிகளைப் பிடுங்கினாள். "எனக்குக் கழுத்துல வைக்க வேண்டாம். அந்தப் பலகை பொய் சொல்லுது. நீ மேடத்துட்டச் சொல்லு."

ஜெபசீலி இரண்டடி பின்னால் போனாள். அந்தப் பேச்சை அவள் வெறுங்காதால் கேட்பது அதுதான் முதல் தடவை. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நடுநடுவே மூச்சு இரைத்துக்கொண்டு வந்தன. "என்னட்டி சொல்லுத? எனக்கு ஒண்ணும் வெளங்கலையே" என்றாள். ஆவுடை மறுபடி சொன்னாள், மெதுவாக. மூன்றாம் தடவை கையை ஆட்டி, கழுத்தைத் தொட்டுக் காட்டிச் சொன்னாள். இரண்டு வருடத் தோழியின் ஒரு சொல்கூட ஜெபசீலிக்குப் புரியவில்லை. யாராவது பார்த்தால் படிப்பு போய்விடுமே என்ற பயம் வேறு. ஆவுடையின் உள்ளங்கையிலிருந்து செவிமணிகளை எடுத்து அவசரமாக மாட்டிக்கொண்டாள்.

"ஜெபா" என்று கூப்பிட்டாள் ஆவுடை.

ஜெபசீலியின் முகம் தெளிந்துவிட்டது. "அதுக்கென்னட்டி, தெரியாமத்தான கை பட்டுது. மன்னிப்பெல்லாம் எதுக்கு? நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன்."

ஆவுடை கூப்பிட்டது ஒரே ஒரு பெயர். அதற்குள் மன்னிப்பு முழுவதையும் அந்த வளையம் கேட்டு முடித்துவிட்டது. எழுதிக் காட்டலாம் என்றால் கல்லூரியில் காகிதமே கிடையாது. எழுதும் தகட்டிலும் நேர்த்திதான் இருந்தது.

புதன்கிழமை அவளுக்குத் தைரியம் சொல்ல மாடத்தியை அனுப்பினார்கள். மாடத்தி போன வருடத்து மாணவி, உள்நாவி பொருத்தியவள், இப்போது திட்ட அலுவலகத்தில் வரவேற்பாளர். முன்பெல்லாம் அவர்கள் இருவரும் சேர்ந்தால் ஒரே கூத்துதான். திட்ட மாணவர்களுக்குச் செவிமணி கிடையாது, அதனால் ஒருவர் பேசுவது மற்றவருக்கு நேராகவே கேட்கும். சங்கிலி அண்ணன் உப்புமாவை வைத்துச் சுவரே பூசலாம் என்று மாடத்தி திக்கித் திக்கிச் சொல்லி முடிப்பதற்குள் ஆவுடைக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிடும்.

"வணக்கம் ஆவுடை. அச்சம் வேண்டாம். இந்த மாற்றம் என் வாழ்வைச் செழுமையாக்கியிருக்கிறது" என்றாள் மாடத்தி. உதடுகள் ஒரு பிசிறில்லாமல் அசைந்தன. பக்கத்தில் நின்ற வடிவாம்பாள் மேடம் பெருமையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேசைக்கு அடியில் ஒரு கை வந்து ஆவுடையின் மணிக்கட்டைப் பிடித்தது. மாடத்தியின் கைதான். நகம் தோலில் இறங்கியது.

ஆவுடை குனிந்து, "மாடத்தி, நீ உள்ள இருக்கியா?" என்று கேட்டாள்.

"மிக்க நலமாக இருக்கிறேன். விசாரித்ததற்கு நன்றி" என்றது அந்த வாய். பிடி இன்னும் இறுகியது. மேடம் வந்து பிரித்துக் கூட்டிப்போகும் வரை அந்தக் கை விடவில்லை. அதற்குப் பிறகு ஆவுடைக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தை யாரிடமாவது சொன்னால் குறையும் என்பார்கள். அவள் சொன்னால் அது நன்றியாக மாறிவிடும். மற்ற திட்ட மாணவர்களுக்கு நேராகக் கேட்கும்தான், ஆனால் அவர்கள் வெளியே சொன்னாலும் அதே கதிதான். யாரிடம் போய்ச் சொல்வாள்?

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கூப்பிட்டார்கள். மேடம், ஒரு டாக்டர், அரசுத் தரப்பில் ஒரு அதிகாரி. அம்மா பிரமசக்தி கயத்தாறில் சூரியத்தகடு துடைக்கும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். புதுச் சேலை கட்டியிருந்தாள். நாவி வந்த பிறகுதான் மகள் 'நீங்கள் சாப்பிட்டீர்களா அம்மா' என்று கோர்வையாகக் கேட்டு அவள் காது குளிர்ந்தது. அன்றிலிருந்து வீட்டிலும் அவள் செவிமணியைக் கழற்றியதில்லை.

மேடம் முன்னால் சாய்ந்து, குழந்தையிடம் பேசுவது போல, "ஆவுடை, உன் வாயாலயே சொல்லணும்மா. உள்நாவி வச்சுக்கச் சம்மதமா?" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல ஆவுடை வாயைத் திறந்தாள். அப்போது அவர்கள் முகங்களைப் பார்த்தாள். மூன்று பேரும் இப்போதே சிரிக்கத் தயாராக இருந்தார்கள். அம்மா கண்ணைத் துடைக்கச் சேலைத் தலைப்பைக் கையில் எடுத்துவிட்டாள். ஆவுடை மெதுவாகத்தான் யோசிப்பாள், ஆனால் அன்று சரியாக யோசித்தாள். நூல் இருந்தால்தானே தறி நெய்யும்? ஒரு சத்தமும் கொடுக்காவிட்டால் இந்த வளையம் எதை வைத்துப் பேசும்?

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. டாக்டர் வந்து வளையம் வேலை செய்கிறதா என்று பார்த்தார், செய்தது. ஆவுடை தலையை இடமும் வலமும் பலமாக ஆட்டினாள். "தலையாட்டுறதெல்லாம் கணக்குல வராது மேடம். சம்மதமோ மறுப்போ, சொல்லுதான் வேணும்" என்றார் அதிகாரி.

"கூச்சப்படுது, பாவம்" என்று மேடம் அம்மாவின் பக்கம் திரும்பினார். "அவசரமே இல்லம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. எப்பத் தோணுதோ அப்பச் சொல்லட்டும். எங்க இருந்து சொன்னாலும் நாவி பதிஞ்சு எங்களுக்கு அனுப்பிரும். ஒரு வார்த்தை போதும், நாங்களே வண்டி அனுப்புதோம்."

கயத்தாறு வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. வளையத்தின் சாவி கல்லூரியில் இருந்தது, அறுத்தால் அதற்கும் வண்டி வரும். ஆவுடை ஒரு வார்த்தை பேசவில்லை. எழுதிக் காட்டலாம் என்றால் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. வாய் ஓயாத பெண் அவள். வாசல் கதவோடு பேசுவாள், குழம்பு கொதித்தால் அதோடும் பேசுவாள். இப்போது விரலில் சுடு தண்ணீர் பட்டால்கூட உதட்டைக் கடித்துக்கொண்டாள். தும்மல் வந்தாலே நெஞ்சு திக்கென்றது.

ஒரு சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள். வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தாள்.

"உனக்கு அது வேண்டாமாட்டி?"

ஆவுடை ஆமாம் என்று வேகமாகத் தலையாட்டினாள். மூன்று வாரத்தில், இல்லை, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் அவளைச் சரியாகக் கேட்டிருந்தார்.

"அட லூசு, இதுக்கா இப்படி இருந்த? எனக்கு எப்பிடி ஆசையா இருந்தாலும் உனக்கு வேண்டாம்னா வேண்டாந்தான். வாயத் தொறந்து வேண்டாம்னு ஒரு சொல்லு சொல்லிரு. அவங்க உம் பேர எடுத்துருவாங்க, சோலி முடிஞ்சுது."

ஆவுடை அசையவில்லை.

"என்னட்டி? ஒரு சொல்லுதான. அம்மா கூட இருக்கேம்லா."

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். வளையத்தைச் சுட்டிக் காட்டினாள். அம்மாவின் காதைச் சுட்டிக் காட்டினாள். அம்மாவுக்கு ஏதோ ஒன்று விளங்கியது போலிருந்தது. இரண்டு காதிலும் கை வைத்துச் செவிமணிகளைக் கழற்றினாள், தூரத்தில் ஜன்னல் விளிம்பில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இந்தா பாரு, வெறுங்காது. இப்பச் சொல்லு. நீ எப்பிடிக் கொழறினாலும் எனக்கு வெளங்கும். சின்னப் பிள்ளையில ஊர்ல ஒருத்தருக்கும் வெளங்காது, எனக்கு மட்டுந்தான வெளங்கும்."

இந்த உலகத்தில் ஆவுடைக்கு வேண்டியிருந்த இரண்டு காதுகள் ஒரு முழத் தூரத்தில் இருந்தன. மாடத்தியின் கையைப் பற்றி, பலகையைப் பற்றி, மீனைப் பற்றி எல்லாம் சொல்ல வேண்டும் போல் இருந்தது. அம்மாவுக்கு இன்னமும் விளங்குமா, இரண்டு வருடத்தில் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்குமா என்றுகூடத் தெரியாது. விளங்கினாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை. அம்மா ஒருத்தி கேட்பாள். கல்லூரியில் வேறொன்று பதிவாகும்.

"வேண்டாம்னு சொல்லாட்டாப் போகுது" என்றாள் அம்மா. "அம்மான்னாவது ஒரு தடவ கூப்புடுட்டி. கேட்டு எத்தன நாளாச்சு."

அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆவுடை இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.