மஞ்சள் வராத நெருப்பு

போன் அலறியது.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆனையூர் வீட்டில் ரம்யாஸ்ரீ உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

“சமயநல்லூர் இன்ஸ்பெக்டர் விருமாண்டி பேசுறேன் தாயி. வேன் டிரைவர் சோலைன்னு ஒருத்தன் செத்துட்டான்.”

“ஐயோ... எப்படி சார்?”

“சட்டைப் பையில பொடி இருந்துச்சு. ஆரப்பாளையம் மெடிக்கல் ஷாப் ராகேஷ் விக்கிற அதே பொடி. தூங்காம வண்டி ஓட்டலாம்னு டிரைவருங்களுக்குக் குடுக்கிறானே, அது. மூளையை ஒண்ணும் பண்ணாதுன்னு நீங்க ரிப்போர்ட் குடுத்தீங்கள்ல?”

“குடுத்தேன் சார்.”

“அத வச்சுத்தானே ராகேஷை வெளிய விட்டோம். லைன்ல இருக்கீங்களா?”

இருந்தாள். “அப்புறம் பேசுறேன் சார்” என்று போனை வைத்தாள்.

அந்த ரிப்போர்ட்டில் ஒரு பொய் இருந்தது. எழுதியது அவள் கை.

மூளையில் டோபமைன் என்றொரு சங்கதி. உற்சாகம் தருவது. வேலை முடிந்ததும் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள ஒரு புரதம் உண்டு. போதைப்பொருள் போய் அந்தப் புரதத்தில் ஒட்டிக்கொண்டால் போச்சு... டோபமைன் வெளியிலேயே தேங்கும், ஆள் தூங்க மாட்டான். ராகேஷின் பொடி அப்படி ஒட்டுகிறதா என்று பார்க்கத்தான், ரம்யாஸ்ரீ பிஹெச்.டி. செய்யும் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போலீஸ் அதை அனுப்பியது. ஒட்டவில்லை என்று எழுதிக் கொடுத்தாள்.

ஆனால் சோதனையே ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒட்டும் என்று முன்பே தெரிந்த ஒரு போதைமருந்தையும் கூட வைத்துப் பார்க்க வேண்டும். அது இருந்த பீரோவின் சாவி கைடு லட்சுமிநாராயணனிடம். கேட்டாள்.

“சாவி வீட்டுல கெடக்கும்மா. போன மாச ரிசல்ட்டையே போட்டுரு” என்றார்.

அக்கா கல்யாணத்துக்கு ஓடுகிற அவசரம். போட்டாள். கீழே கையெழுத்து வேறு!

ஒரு கல்யாண அவசரத்தில் ஒருத்தனைக் கொன்றுவிட்டேனே என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அடுப்பில் உஸ்ஸென்று சத்தம். உப்புத் தண்ணீர் பொங்கி வழிய, நீல நெருப்பு மஞ்சளாகிவிட்டது. தினம் பார்க்கிற கூத்துதான். உப்பில் இருக்கும் சோடியம் மஞ்சளாக எரியும்.

சோடியம்...!

அந்தப் புரதத்தில் சோடியம் போய் உட்கார்ந்தால்தான் டோபமைனோ போதைமருந்தோ ஒழுங்காக ஒட்டும். கரைசலில் சோடியமே இல்லாவிட்டால்? எப்பேர்ப்பட்ட பொடியும் நல்ல பிள்ளையாகத்தான் தெரியும்.

அடுப்பை அணைத்தாள். ஸ்கூட்டியை எடுத்தாள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் ஈ காக்கை இல்லை. ‘சோடியம் குளோரைடு’ என்று லேபிள் ஒட்டிய டப்பாவைத் திறந்தாள். பர்னரைப் பற்றவைத்தாள். கம்பியை நனைத்து, டப்பாவில் தொட்டு, நெருப்பில் காட்டினாள்.

மஞ்சள் வரவில்லை.

வெளிறிய ஊதா!

பொட்டாசியம். பார்க்க அதே வெள்ளை உப்பு. ஆனால் சோடியம் செய்கிற வேலை அதற்கு வராது. யாரோ டப்பாவில் இருந்ததை மாற்றியிருக்கிறார்கள்.

“என்னம்மா, ஞாயித்துக்கிழமையும் வேலையா?”

வாசலில் லட்சுமிநாராயணன். கையில் துணிப்பை... உள்ளே வெள்ளையாக ஒரு டப்பா. அதே லேபிள்.

“திரும்ப மாத்தி வைக்க வந்தீங்களா சார்?”

அவர் பர்னரைப் பார்த்தார். விளக்கம் தேவைப்படவில்லை. கதவைச் சாத்தினார்.

“உனக்கும் இன்ஸ்பெக்டர் போன் பண்ணிட்டாரா?”

“அந்தப் பொடி...”

“நான் செஞ்சது. ராகேஷ் விக்கிறான். அம்புட்டுத்தான்.”

“ஒரு ஆள் செத்திருக்காரு சார்.”

“ரிப்போர்ட்ல யாரு கையெழுத்து? செய்யாத டெஸ்ட்டைச் செஞ்சதா எழுதினது யாரு? நான் உள்ள போனா நீயும் வருவ. தீசிஸ் குப்பைக்குப் போகும். உங்க அக்கா கல்யாணத்துல, நம்ம சௌராஷ்டிரா சனம் பூராவும் இருக்கிறப்ப, உங்கப்பா ‘எங்க டாக்டரம்மா’ன்னு உன்னைக் காட்டிக்கிட்டுத் திரிஞ்சாரே... நாளைக்கு அவரு எந்த முகத்தை வச்சுக்கிட்டு வெளிய வருவாரு? டப்பாவைக் குடு. வீட்டுக்குப் போ.”

அவள் கை டப்பாவை நீட்டியது.

அதுதான் வெட்கக்கேடு. நிஜமாகவே நீட்டினாள்! அவர் விரல் பட்டதும்தான் சுரணை வந்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

“சார், ரம்யாஸ்ரீ பேசுறேன். எங்க கைடுதான் டப்பாவுல இருந்த உப்பை எடுத்துட்டுப் பொட்டாசியத்தை வச்சாரு. இப்ப லேப்லதான் இருக்காரு. ஆனா அதைக் கண்டுபிடிச்சிருக்க வேண்டிய டெஸ்ட்டை நான் செய்யவே இல்ல சார். செஞ்சதா எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சொல்றதுக்கே அசிங்கமா இருக்கு. சோலை செத்ததுக்கு என்னையும் சேர்த்துப் பிடிங்க.”

“வாரேன்.”

அந்தக் குரல் போனிலும் கேட்டது. கதவுக்கு வெளியிலும் கேட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு விருமாண்டி உள்ளே வந்தார். பின்னாலேயே வேன் சாவியை விரலில் சுழற்றியபடி ஒருவன்.

“இவன்தான் தாயி சோலை.”

ரம்யாஸ்ரீ போனைக் காதிலிருந்து எடுத்தாள். “செத்துட்டாருன்னு...”

“நானா?” சோலை திரும்பினான். “அண்ணே, சும்மா கூட வான்னுதானே சொன்னீங்க?”

“சும்மா இர்றா. பொடியைத் தின்னுட்டு ரெண்டு நாள் கண்ணை மூடாம ஏங்கிட்ட வந்து அழுதான் தாயி. ஒண்ணும் பண்ணாத பொடி இம்புட்டு ஆட்டம் காட்டுமா? லேப்ல எவரோ விளையாடியிருக்காங்கன்னு பட்டுச்சு. உங்க ரெண்டு பேருக்கும் போனைப் போட்டேன். மறைக்க ஓடி வர்றது யாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ரெண்டு பேரும் வந்து நிக்கிறீங்க. எனக்கே குழம்பிருச்சு.”

“என் தப்பு...”

“தப்புத்தான். எழுதிக் குடுக்கணும். படிப்பு என்ன ஆகும்னு எனக்குச் சொல்லத் தெரியல.”

தலையாட்டினாள். சோலையின் முகத்தைப் பார்க்க முடியாமல், அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்து, “மன்னிச்சிருங்கண்ணே” என்றாள். அழுகை வந்துவிட்டது. சோலை சாவியைச் சுழற்றுவதை நிறுத்தினான்.

லட்சுமிநாராயணன் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு, காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

“வக்கீல் வர்ற வரைக்கும் நான் பேசப் போறதில்ல. அந்த ஏசியைப் போடச் சொல்லுங்க. வேர்க்குது.”

விருமாண்டி அவரை மேலும் கீழும் பார்த்தார். ரம்யாஸ்ரீயிடமிருந்து டப்பாவை வாங்கி லேபிளைப் பார்த்தார்.

“ஏன் தாயி... சாரு சோத்துலயாச்சும் உப்புப் போட்டுத் திங்கிறாரா, இல்ல அங்கயும் பொட்டாசியந்தானா?”