நாற்பத்தொன்பதாவது படம்

பிரிசில்லா அனுப்பியது நாற்பத்தெட்டு படங்கள். அவற்றை மாற்றிக் கொடுத்த இணையதளத்திலிருந்து இறங்கி வந்தவை நாற்பத்தொன்பது.

நாம்தான் தப்பாக எண்ணியிருப்போம் என்று நினைத்தாள். கேளம்பாக்கம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த அந்த பிரவுசிங் சென்டரின் கடைசித் தடுப்பில், பிளைவுட் பலகையில் முட்டி இடிக்க உட்கார்ந்து, மதியம் மூன்று மணி மழை தகரக் கூரையில் ஒரே சீராக விழுந்துகொண்டிருக்க, முன்பு உட்கார்ந்திருந்தவர் விட்டுப்போன வியர்வை வாடையும் சூடேறிய பிளாஸ்டிக் வாடையும் மூக்கில் ஏற, திரையில் விரலை வைத்து ஒவ்வொன்றாக மறுபடி எண்ணினாள். நாற்பத்தொன்பது.

எல்லாம் அவள் கணவன் பூபாலனின் முதுகு. ஒன்றரை வருஷமாக அவனுக்கு வலி. கல்பாக்கத்தில் கான்ட்ராக்ட் வெல்டராக இருந்தவன் வேலையை விட்டுவிட்டு, மல்லாந்து படுக்க முடியாமல், சதுரங்கப்பட்டினத்து வீட்டில் குப்புறக் கிடந்தான். செங்கல்பட்டில் எடுத்த ஸ்கேனைப் பார்த்த டாக்டர், ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், அதன் பிறகு நடக்க முடியாமல் போனாலும் போகலாம் என்றார். திங்கட்கிழமை கையெழுத்துப் போட வேண்டும்.

சென்னையில் நர்ஸாக இருக்கும் சித்தி மகள் பிரதீபாதான் போனில் கத்தினாள். "அவசரப்பட்டு கையெழுத்து போட்றாதக்கா. எங்க பெரிய டாக்டராண்ட காட்றேன். சி.டி.ல கீற ஃபைலு இங்க தொறக்காது. அத சாதா போட்டோவா மாத்தறதுக்கு நெட்லயே சைட்டு கீது. மாத்தி, சாயங்காலத்துக்குள்ள மெயில் பண்ணு."

உடம்பைக் குறுக்கே வெட்டி வெட்டிக் காட்டும் படங்கள் அவை. நீள்வட்டமாகச் சாம்பல் நிறத்தில் உடம்பு. அதற்குள் வெள்ளையாக முதுகெலும்பு. உடம்பைச் சுற்றி வெறும் இருட்டு. கடைசிப் படத்தை மட்டும் பெரிதாக்கினாள். பூபாலனின் முதுகுத் தோல் முடிந்த இடத்துக்கு வெளியே, இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில், இன்னொரு வெள்ளை வட்டம். சின்னது. அதுவும் முதுகெலும்பு போலத்தான் இருந்தது.

"அண்ணே, கொஞ்சம் இங்க வாங்களேன்."

கடைக்காரர் தனகோடி டீ கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, நெட்டு பூட்ச்சா?"

"படம் ஒண்ணு அதிகமா வருதுண்ணே."

"வேற யாரோட ஃபைலாவது கலந்துகினு வந்திருக்கும். ஓசி சைட்டுன்னா அப்டித்தான். அழிச்சிட்டு மறுக்கா ஏத்து."

அழித்தாள். மறுபடி ஏற்றினாள். பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்து போய் முடிய இருபது நிமிஷம் ஆனது. மின்விசிறி கறக் கறக்கென்று சுற்றியது. எங்கிருந்தோ ஈரம் காயாத துணியின் வாடை வந்தது. மழை வாடை என்று நினைத்துக்கொண்டாள்.

அறுபத்திரண்டு படங்கள்.

அம்புக்குறி பொத்தானை அழுத்திப் பிடித்தாள். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட, இடுப்பிலிருந்து கழுத்துவரை உடம்பு ஏறிக்கொண்டே போனது. பூபாலனின் இடுப்புக்கு இரண்டு பக்கமும் மெலிந்த கால் எலும்புகள். முதுகை ஒட்டிக் குச்சி குச்சியாக விலா எலும்புகள். அதற்கு மேலே, தோளைத் தாண்டி முன்பக்கம் வந்த இரண்டு கைகள். அவனுடைய கழுத்துக்கு முன்னால் பத்துச் சின்ன விரல்கள் கோத்திருந்தன.

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

சுனாமி வந்த அன்று சதுரங்கப்பட்டினத்துப் பழைய கோட்டைக்குப் பக்கத்தில் தண்ணீரில் மிதந்த ஒரு சிறுமியைப் பூபாலன் முதுகில் தூக்கிப் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்தான். "உசுரு கீது, காதாண்ட முனகிகினே வருது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். ரோட்டில் இறக்கும்போது அந்தக் கைகளைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அவன் தூக்குவதற்கு ரொம்ப முன்பே அது செத்துப்போயிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். யாருடைய பிள்ளை என்று கடைசிவரை தெரியவில்லை. அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

செல்போன் அடித்தது. பூபாலன்.

"பிரிசி, வலி பூட்ச்சு."

"இன்னா சொல்றீங்க?"

"மெய்யாலுமே. யாரோ எறக்கி வுட்ட மாரி சட்டுனு லேசா ஆய்ட்ச்சு. மல்லாக்கப் படுத்துப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. இப்ப எழுந்து ஒக்காந்துகினு கீறேன்." அவன் சிரித்தான். அழுவது போலவும் இருந்தது. "ஆபரேசன்லாம் வாணாம். நீ கெளம்பி வா."

"எப்பலேர்ந்து?"

"இப்பத்தான். அஞ்சு நிமிசம் கூட ஆவல."

அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. திரையில் பச்சைக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. அவள் எதையும் ஏற்றவில்லை. மவுஸில் கை வைக்கவே இல்லை.

கோடு முடிந்தது. ஒரே ஒரு படம் இறங்கியது. தானாகத் திறந்தது.

மேல் மூலையில் பெயர். பூபாலன் இல்லை. பிரிசில்லா. பெண். வயது முப்பத்தொன்று. இன்றைய தேதி. மணி நான்கு பத்து.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு பத்து.

"பிரிசி? லைன்ல கீறியா?"

கழுத்தில் ஏதோ இறுகியது.

படம் பக்கவாட்டில் எடுத்தது. நாற்காலியில் உட்கார்ந்த ஓர் எலும்புக்கூடு. லேசாகக் குனிந்திருந்தது. ஒரு கை காதருகே மடங்கியிருந்தது. இடுப்பைச் சுற்றி இரண்டு சின்னக் கால்கள்.

மழை நின்றுவிட்டது. மின்விசிறியும். அந்த அமைதியில், போன் இல்லாத வலது காதுக்கு மிகப் பக்கத்தில், ஒரு முனகல்.

திரையில், அவளுடைய தோளில் கன்னத்தைச் சாய்த்திருந்த சின்ன மண்டையோடு, மெல்ல, வாயைத் திறந்தது.